அது சூடு இல்லை தம்பி

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நான் காலமைத் தேத்தண்ணியோட பேப்பரை விரிச்சா முதல் பக்கத்தில இருந்து மரண அறிவித்தல் வரைக்கும் ஒண்டும் விடாம வாசிக்கிற ஆள். டெங்கு வந்தா எழுதுறியள், சீனி வருத்தம், பிரசர் எண்டு எழுதுறியள், கிட்னி வருத்தத்தைப் பற்றி எழுதுறியள், எல்லாம் நல்லது. ஆனா உறவால தொத்துற பாலியல் வருத்தங்களைப் பற்றி மட்டும் விளக்கமா எழுதினதை நான் காணேல்லை. பேப்பருகளின்ர உள்பக்கத்து மூலையில "இரகசிய நோய்களுக்கு நிரந்தரத் தீர்வு" எண்டு பெட்டி கட்டின விளம்பரம் மட்டும் ஒழுங்கா வருது. இரகசிய நோய் எண்டு பேரையே வைச்சுப்போட்டா பிறகு ஆர் அதை வாய் திறந்து கதைக்கிறது? அதுதான் நானே எழுதுவம் எண்டு இருந்திட்டன். பேரைப் போடாம போடுங்கோ, ஏன் எண்டு கடிதத்துக்குள்ளயே விளங்கும்.

நான் டொக்டர் இல்லை. படிச்சது ஓ.எல் மட்டும்தான். ஏ9 றோட்டுக் கரையில ரெண்டு மூண்டு பாமசியளில எல்லாமாச் சேர்த்து இருபது வருசத்துக்கு மேல கவுண்டருக்குப் பின்னால நிண்டனான், இப்ப முழங்கால் ஏலாம வீட்டில இருக்கிறன். கவுண்டருக்குப் பின்னால நிக்கிறவனுக்கு ஊரின்ர வருத்தம் எல்லாம் தெரியும் ஐயா, கோயில் ஐயருக்கும் தெரியாதது தெரியும்.

நான் சொல்லுற ஆக்களை எனக்கு வாசலடியிலயே அடையாளம் தெரிஞ்சிடும். பின்னேரம் ஆறரை ஏழு மணிக்கு, பூட்டப்போற நேரமாப் பாத்து வருவினம். மோட்டச்சைக்கிளை கடைக்கு முன்னால விடாயினம், ரெண்டு கடை தள்ளி விட்டிட்டு நடந்து வருவினம். வந்து ஒரு காட் பனடோல், ரெண்டு பைக்கற் சமஹன் எண்டு கேட்டுப்போட்டு, நிக்கிற பொம்பிளையள் போகுமட்டும் சுவரில ஒட்டியிருக்கிற பால்மாப் படத்தை ஏதோ சோதினைக்கு படிக்கிற மாதிரி பாத்துக்கொண்டு நிப்பினம். கடை வெறிச்சாப் போன பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணை ஒரு கூட்டாளிக்கு கேக்கிறன், அவனுக்கு சரியான சூடு, சலம் போகேக்க எரியுதாம், ஏதும் குளிசை இருக்கோ". எத்தினை கூட்டாளியள் ஐயா இந்த வன்னியில! இருபது வருசத்தில ஒருத்தன் கூட தனக்கு எண்டு கேட்டு வந்ததா எனக்கு ஞாபகம் இல்லை.

இந்த "சூடு" எண்ட சொல்லுத்தான் எங்கட ஆக்களைக் கெடுக்கிறது. பங்குனி சித்திரை வெயிலில வயலுக்க நிண்டவனுக்கு, பரந்தன் சந்தியில இருந்து முல்லைத்தீவுக்கு மண் லோட் அடிச்சுத் திரியிறவனுக்கு, சலம் கடும் மஞ்சளாப் போறதும் கொஞ்சம் கடுக்கிறதும் உள்ளதுதான். அது தண்ணி காணாம வாறது. ரெண்டு செம்பு தண்ணி குடிச்சு, ஒரு இளநி குடிச்சு, நிழலுக்க படுத்து எழும்பினா பின்னேரத்துக்குள்ள தெளிஞ்சிடும். ஆனா சூட்டுக்கு சீழ் வராது. எந்த வெயிலுக்கும் வராது. ட்ரக்டர் சீற்று கொதிக்கக் கொதிக்க அதில இருந்ததால வந்தது எண்டு எனக்கு கதை சொன்ன ஆக்கள் இருக்கினம், ட்ரக்டர் சீற்றில இருந்து உந்த வருத்தம் தொத்துறதெண்டா வன்னியில ஒரு கமக்காரனும் தப்பியிருக்க மாட்டான்.

ஒரு பெடியன் வந்தவன், இருபத்துமூண்டு இருபத்துநாலு வயசு இருக்கும், அருவி வெட்டுக் காலம், மெசினோட ஊரூராப் போறவன். மற்றவை மாதிரி ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வராம வேலையால நேர சாரத்தோட வந்திட்டான். சாரத்தின்ர முன்பக்கத்தை மடிச்சு கையால பொத்திக்கொண்டு நிண்டவன், காசு எடுக்க கையை எடுக்கேக்க பாத்தன், பழைய பத்து ரூவாக் குத்தியளவில மூண்டு நாலு கறை, மஞ்சளும் பச்சையும் கலந்து, காய்ஞ்சு, கஞ்சி போட்ட துணி மாதிரி விறைச்சுப் போய் நிண்டது. தாய் தோய்க்கேக்க கண்டிட்டு "என்னடா மாம்பழத்தை சாரத்திலயே துடைக்கிறாய்" எண்டு கேட்டவவாம். அவனும் ஓம் எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டான். மாம்பழம் கிடைக்கிற காலமே இல்லை அது, தாய்க்கு அது தெரியாதோ, இல்லாட்டி தெரிஞ்சும் தெரியாத மாதிரி கேட்டவவோ எனக்குத் தெரியாது.

அதுதான் ஐயா அடையாளம். கொனோரியா எண்டு சொல்லுவினம், எங்கட பழைய ஆக்கள் வெட்டை எண்டு சொன்னது. ஆம்பிளையளுக்கு இது ஒளிஞ்சு கிடக்கிறது குறைவு. உறவு வைச்சு ரெண்டு நாளில இருந்து ஒரு கிழமைக்குள்ள சலம் போகேக்க கண்ணாடித்துண்டு போற மாதிரி எரிவு துவங்கும், பிறகு நுனியில இருந்து தடிப்பான சீழ் வடியும், வெள்ளை, மஞ்சள், சிலருக்கு பச்சை. சிலருக்கு ரெண்டு கிழமையும் செல்லும். கவனிக்காம விட்டா விதையில ஒரு பக்கம் வீங்கி, நடக்க ஏலாத நோ வரும். அந்த நோவோட வந்தவையையும் கண்டிருக்கிறன், சைக்கிள் பார் இடிச்சது எண்டுதான் சொல்லுவினம்.

இதுக்கு ஒரு தம்பி இருக்குது, கிளமிடியா. அதுதான் கள்ளன். ஒரு கிழமையில இருந்து மூண்டு கிழமை போல செண்டுதான் காட்டும், காட்டினாலும் பெரிசா இல்லை, காலமை எழும்பி முதல் சலம் போக முதல் நுனியில கஞ்சித்தண்ணி மாதிரி ஒரு துளி, ஒட்டின மாதிரி, லேசான கடிப்பு, அவ்வளவுதான். ஆம்பிளையளிலயே பாதிப்பேர் மட்டில ஒண்டும் தெரியாமத் திரிவினம். ரெண்டும் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில இருக்கிறதும் சர்வசாதாரணம். கண்ணால பாத்து இது அதுவோ இதுவோ எண்டு பிரிக்கிறது என்னாலயும் ஏலாது, யூரியூப்பாலயும் ஏலாது, ரெஸ்ற் பண்ணித்தான் சொல்லுவினம். தொண்டையிலயும் பின்பக்கத்திலயும் கூட இருக்கலாம், அங்க இருந்தா அநேகமா ஒரு அடையாளமும் காட்டாது.

எங்கட பக்கத்தில இன்னொரு குழப்பம் இருக்கு. வவுனியாப் பக்கமெல்லாம் கிட்னி வருத்தக்காரர் கனபேர், தண்ணியும் கல்லுத்தண்ணி, அதால எரிவு எண்டவுடன "ஐயோ கிட்னி" எண்டு பயந்து, நெருஞ்சில் அவிச்சு, வாழைத்தண்டுச் சாறு பிழிஞ்சு குடிச்சு, ஸ்கேனுக்கும் காசைக் குடுத்திட்டு வருவினம், சீழ் வடியிறதை மட்டும் ஸ்கேன் செய்யிறவரிட்டயும் சொல்லாயினம். நாள்பட்ட கிட்னி வருத்தம் துவக்கத்தில எரிவாய் எல்லாம் வராது, அது சத்தமில்லாம வாறது. கல்லு எண்டா நாரிப்பக்கம் குத்தி இழுக்கும். சீழ் எண்டா கதை வேற.

இப்ப நான் செய்த பிழையைச் சொல்லவேணும், இதைச் சொல்லாம மற்றதை எழுத எனக்கு வாய் இல்லை.

கனகாலம் நானும் குளிசை குடுத்தனான். டொக்டரின்ர துண்டு இல்லாம அன்ரிபயோற்றிக் குடுக்கக்கூடாது எண்டது எனக்கும் தெரியும், என்ர முதலாளிக்கும் தெரியும். ஆனா வந்து நிக்கிறவனின்ர முகத்தைப் பாத்தா, இவன் ஆஸ்பத்திரிக்கு போக மாட்டான், நான் குடுக்காட்டி அடுத்த கடையில வாங்குவான் எண்டு எனக்கு நானே சமாதானம் சொல்லி, ரெண்டு நிறக் கப்சூல் கொஞ்சம், வெள்ளைக் குளிசை கொஞ்சம், மண்ணிறக் கவருக்குள்ள போட்டு ஸ்ரேப்ளர் அடிச்சுக் குடுத்திடுவன். நாலு நாளில எரிவு குறையும், அவனும் சந்தோசம், நானும் சந்தோசம். குளிசை பேருகளை வேணுமெண்டே எழுதாமத்தான் விடுறன், வாசிச்சிட்டு ஆரும் வெட்டி பேர்சுக்க வைச்சுக்கொண்டு பாமசிக்கு போகக்கூடாது.

எரிவு நிண்டா வருத்தம் போச்சு எண்டு அர்த்தம் இல்லை. அரைகுறை மருந்துக்கு கிருமி செத்தது பாதி, மிச்சம் அந்த மருந்தோட பழகி எழும்பும். இந்த வெட்டைக் கிருமி அதில படு கெட்டிக்காரன், ஒரு காலத்தில பெனிசிலினுக்கு அடங்கினது, பிறகு அதுக்கு அடங்கேல்லை, ரெற்றாசைக்கிளின் வந்தது, அதுக்கும் பழகிட்டுது, சிப்ரோ வந்தது, அதையும் விழுங்கிட்டுது. இப்ப உலகம் முழுக்க பெரும்பாலும் நம்பியிருக்கிறது ஒரு ஊசியைத்தான், அதுக்கும் அங்கங்க அசையாத கிருமி வந்திட்டுது எண்டு சொல்லுகினம். அதை இந்த அளவுக்கு பழக்கிவிட்டதில கவுண்டருக்குப் பின்னால நிண்ட என்னைப் போல ஆக்களுக்கும் பங்கு இருக்கு. உலக சுகாதார நிறுவனம் போட்ட கணக்கு ஒண்டு இருக்கு, 2020 இல மட்டும் கொனோரியா புதுசா வந்தது 8 கோடி 20 லட்சம், கிளமிடியா 12 கோடி 90 லட்சம். இது எங்கயோ வெள்ளைக்காரனுக்கு வாற வருத்தம் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிற ஆக்களுக்காக இதை எழுதுறன்.

ஒரு குடும்பத்தின்ர கதை சொல்லுறன், ஆள் அடையாளம் தெரியாம கொஞ்சம் மாத்தித்தான் சொல்லுறன். 2010 இல மீளக்குடியேறி வந்த ஆக்கள், தகரக்கொட்டிலில துவங்கி வீடு கட்டி முடிச்ச ஆக்கள். அந்த மனிசன் கலியாணத்துக்கு முதலும் ரெண்டு தரம், கலியாணம் முடிச்ச பிறகும் ஒருக்கா "கூட்டாளிக்கு" எண்டு என்னட்ட கவர் வாங்கினவர். பிள்ளை இல்லை. அஞ்சாறு வருசம். மாமி ஊர் முழுக்க மருமகளைக் குறை சொல்லித் திரிஞ்சவ, நல்லது கெட்டதுக்கு அந்தப் பிள்ளையை முன்னுக்கு நிக்க விடுறேல்லை, அவளும் வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைச்சு ஒவ்வொரு வைகாசியும் பாற்செம்பு எடுத்தவள். ஒருநாள் அந்தப் பிள்ளை பெரிய ஆஸ்பத்திரித் துண்டோட என்னட்ட மருந்து எடுக்க வந்திது. கர்ப்பப்பைக்கு போற குழாய் ரெண்டும் அடைச்சுப்போய் இருக்காம் அண்ணை, எப்பவோ உள்ளுக்க கிருமி வந்து ஆறின தழும்பு எண்டு டொக்டர் சொன்னவராம், எனக்கு ஒரு நாளும் ஒரு நோவும் வந்ததில்லையே எண்டு என்னைக் கேக்குது. என்னைக் கேக்குது ஐயா. நான் மிச்சக்காசை எண்ணுற மாதிரி குனிஞ்சு நிண்டன்.

அதுதான் காரணம் எண்டு நிச்சயமாச் சொல்ல நான் டொக்டர் இல்லை. குழாய் அடைக்கிறதுக்கு வேற காரணங்களும் இருக்கு. ஆனா கொனோரியாவும் கிளமிடியாவும் செய்யிற வேலை இதுதான் எண்டு அதுக்குப் பிறகு தேடி வாசிச்சு அறிஞ்சன், அண்டைக்குப் பிறகு கவர் குடுக்கிறதை விட்டிட்டன், முதலாளியோட அதால கொழுவலும் வந்தது.

பொம்பிளையள் இந்த இடத்தை கவனமா வாசிக்கவேணும். உங்களுக்கு அடையாளம் வராது எண்டதுதான் அடையாளம். கிளமிடியா வந்த பொம்பிளையளில பத்துப்பேரில ஏழு பேருக்காவது ஒண்டுமே தெரியாது. கொனோரியாவிலயும் பாதிக்கு மேல அப்பிடித்தான். தெரிஞ்சாலும் வழமையா வாற வெள்ளைபடுதல் எண்டு நினைச்சு விட்டிடுவினம். வெள்ளைபடுறது எல்லாம் வருத்தம் இல்லை, மாதச் சுற்றுக்கு ஏற்ற மாதிரி தண்ணியாவும் கொஞ்சம் தடிப்பாவும் மாறி மாறி வாறது இயற்கை, அதுக்காக ஆரும் பயந்து ஓடத் தேவையில்லை. நிறம் மாறி மஞ்சளா பச்சையா வந்தா, மணம் மாறினா, தீட்டு இல்லாத நாளில இரத்தம் பட்டா, புருசனோட சேர்ந்த பிறகு இரத்தம் கண்டா, அடிவயிறு உழைஞ்சுகொண்டே இருந்தா, அப்ப காட்டத்தான் வேணும். அடிவயிற்று நோவோட காய்ச்சலும் சேர்ந்தா அண்டைக்கே ஆஸ்பத்திரி. பொம்பிளையளுக்கு சலக்கடுப்பு வேற கிருமியாலயும் அடிக்கடி வாறதுதான், அதால எரிவை மட்டும் வைச்சு ஆரும் ஆரையும் சந்தேகப்படாதேங்கோ. ஆனா ஒண்டு, புருசனுக்கு இது எண்டு தெரிஞ்சா மனிசிக்கு அடையாளம் இருக்கோ இல்லையோ எண்டு பாத்துக்கொண்டிருக்கிற வேலை இல்லை, ரெண்டுபேரும் மருந்து எடுக்கவேணும். ஒராள் மட்டும் எடுத்தா பிங்பொங் விளையாட்டுத்தான், போன பந்து திரும்பி வரும்.

பச்சைப்பிள்ளையளையும் இது விடாது. தாயிட்ட இருந்து பிறக்கேக்க கண்ணுக்குள்ள தொத்தும். பிறந்து ரெண்டில இருந்து அஞ்சு நாளுக்குள்ள ரெண்டு கண்ணும் வீங்கி சீழ் கட்டி திறக்க ஏலாம வந்தா அது கொனோரியாவா இருக்கலாம், கிளமிடியா எண்டா ஒரு கிழமை ரெண்டு கிழமையில வரும். எங்கட வீடுகளில தாய்ப்பாலை ஒரு சொட்டு கண்ணில விடுறதும் நந்தியாவட்டைப்பூ பிழியிறதும் வழக்கம். பீளை கொஞ்சம் கட்டுறதுக்கு கிழவியள் செய்யிற வைத்தியத்தை இதுக்கும் செய்து நாளைக் கடத்தினா பார்வை போகும், சொல்லிப்போட்டன்.

சிபிலிஸ் எண்ட இன்னொரு பாலியல் வருத்தத்தைப் பற்றி கொஞ்சம்தான் எழுதுறன், அதைப்பற்றி எழுத வெளிக்கிட்டா தனிக் கடிதம் வேணும். அது எரியாது, சீழ் வராது. ஒரே ஒரு புண், கரை தடிச்சு, கையை வைச்சாலும் நோகாது. பெரும்பாலும் மூண்டு கிழமை போல செண்டு வரும், பத்து நாளிலயும் வரலாம் தொண்ணூறு நாள் செண்டும் வரலாம். மருந்து ஒண்டும் போடாமலே மூண்டில இருந்து ஆறு கிழமையில தன்பாட்டில மாறிடும், இதுதான் பொல்லாத தந்திரம், ஏனெண்டா மாறினது புண், வருத்தம் உள்ளுக்க போட்டுது. பேந்து உள்ளங்கையிலயும் உள்ளங்காலிலயும் சிவப்புச் சிவப்பா தடிப்பு வரும், கடியாது, அலர்ஜி எண்டு கலமைன் வாங்கிப் பூசுவினம், அதுவும் மாறிடும். வருசக்கணக்காச் செண்டு இதயத்தையும் மூளையையும் தின்னும். பழைய ஆக்கள் கிரந்தி எண்டு சொல்லுறதுக்குள்ள இதுவும் அடங்கும், குழந்தைப்பிள்ளையின்ர தோலில வாற கிரந்தியும் அடங்கும், அதால ஆரும் கிரந்தி எண்டா முதல்ல எந்தக் கிரந்தி எண்டு கேளுங்கோ. இதுக்கு இண்டைக்கும் பழைய பெனிசிலின் ஊசியே கேக்கும், பிந்தாம போனாச் சரி.

இதில எங்கட மிட்வைப் மிஸ்மாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாட்டி பாவம். வன்னியில எந்தக் காட்டுக் கரையில ஒரு பிள்ளை வயித்தில தங்கினாலும் ஸ்கூட்டியில தேடிப்போய்ப் பதிஞ்சு இரத்தம் எடுக்க அனுப்பிறவை அவைதான், அந்த இரத்தத்தில வி.டி.ஆர்.எல் எண்டு பாக்கிறது இந்த சிபிலிசைத்தான். அப்பிடிப் பாத்துப் பாத்துத்தான் 2019 இல உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்கு சான்றிதழ் குடுத்தது, தாயிட்ட இருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வியும் சிபிலிசும் போறதை இல்லாமச் செய்த நாடு எண்டு. மாசமா இருக்கிற பிள்ளையள் அந்த ரெஸ்ற்றை ஏதோ சந்தேகத்தில எடுக்கினம் எண்டு கோவிக்காதேங்கோ, எல்லாருக்கும்தான் எடுக்கிறவை.

சரி, எங்க போறது எண்ட கதைக்கு வாறன். சாரத்தில கறையோட வந்த பெடியனுக்கு நான் குளிசை குடுக்கேல்லை. "தம்பி இது சூடு இல்லை, கூட்டாளியை நாளைக்கு காலமை கூட்டிக்கொண்டு வா, நானும் வாறன், போவம்" எண்டன். அவன் முகம் கறுத்துப் போச்சு. வர மாட்டான் எண்டுதான் நினைச்சன், வந்திட்டான்.

எந்த ஆஸ்பத்திரி எண்டு சொல்ல மாட்டன். உள்ளுக்க போய் பாலியல் நோய்க் கிளினிக், எஸ்ரிடி எண்டு சொல்லுறது, எந்தப் பக்கம் எண்டு மெதுவாத்தான் கேட்டனான். அதில நிண்டவர் ஓபிடி வரிசையில நிண்ட நாற்பது பேருக்கும் கேக்க, "ஓ எஸ்ரிடிக்கோ, அங்கால கடைசி ரூம்" எண்டு கத்தினார். வரிசை முழுக்க திரும்பிப் பாத்தது. பெடியன் ரெண்டடி பின்னால போனான், ஓடப்போறான் எண்டு எனக்கு விளங்கிட்டுது, உடன நான் "ஓம் தம்பி, எனக்குத்தான்" எண்டு சத்தமாச் சொன்னன். நரைச்ச தலையோட நான் முன்னுக்கும் அவன் என்ர பேரப்பெடியன் மாதிரி பின்னுக்கும் போனம். அந்த வரிசையில எங்கட ஊர்ச் சனமும் நிண்டிருக்கு, பின்னேரம் நான் வீட்டை வர முதல் கதை வந்திட்டுது, மனிசி ரெண்டு நாள் என்னோட கதைக்கேல்லை. பேரைப் போடாதேங்கோ எண்டு கேட்டதுக்கு அதுதான் காரணம், திரும்பவும் விளக்கம் சொல்ல என்னால ஏலாது.

ஆனா அந்தக் கடைசி ரூமுக்குள்ள நடந்தது வேற மாதிரி. பேரைச் சொல்லிக் கூப்பிடேல்லை, நம்பர் போட்டு காட் ஒண்டு குடுத்தவை. காசு ஒரு சதம் இல்லை. டொக்டர் ஒரு சின்னப்பிள்ளை மாதிரி, பெடியனை இருத்தி எப்ப, எத்தினை நாள் எண்டு காய்ச்சலுக்கு கேக்கிற மாதிரித்தான் கேட்டவ. ஆர், ஏன், எங்க எண்டு பொலிஸ் விசாரணை வைக்கேல்லை. மெல்லிய பஞ்சுக்குச்சியால சீழைத் தொட்டு எடுத்து கண்ணாடியில பூசி அண்டைக்கே பாத்துச் சொன்னவை, சலமும் எடுத்தவை, கையில இரத்தமும் எடுத்தவை, எச்.ஐ.விக்கும் சிபிலிசுக்கும். இந்த வருத்தங்கள் இருந்தா எச்.ஐ.வி தொத்திறது இன்னும் லேசாம், அதால எல்லாத்தையும் சேர்த்துத்தான் பாக்கினம். ஒரு ஊசி, ஒரு கிழமைக்கு குளிசை. கடைசிக் குளிசை முடியுமட்டும், ஊசி போட்டு ஏழு நாள் போகுமட்டும் ஒருத்தரோடயும் சேரக்கூடாது, மூண்டு மாசம் செண்டு ஒருக்கா வந்து காட்டிட்டுப் போகவேணும், அவன் சேர்ந்த பிள்ளையையும் எப்பிடியாவது வரச்சொல்ல வேணும், அவளுக்கு ஒரு அடையாளமும் இல்லாட்டியும் வரச்சொல்லு எண்டு ரெண்டு தரம் சொன்னவ. பிறகு கொண்டம் ஒரு கட்டு எடுத்து மேசையில வைச்சா, பெடியன் என்னைப் பாத்தான், நான் ஜன்னலைப் பாத்தன்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் எண்டு மாவட்டப் பெரிய ஆஸ்பத்திரியளில இந்தக் கிளினிக் இருக்கு. பாலியல் நோய் சிகிச்சை நிலையம் எண்டு போட்டிருப்பினம், ஆக்கள் எஸ்ரிடி கிளினிக் எண்டு சொல்லுறது. துண்டு தேவையில்லை, நேர போகலாம். உள்ளூரில ஆரும் காணுவினம் எண்டு பயமெண்டா பக்கத்து மாவட்டத்துக்கு பஸ் எடுங்கோ, கிளிநொச்சியில ஏறினா வவுனியாவுக்கு ஒண்டரை ரெண்டு மணித்தியாலம், முறிகண்டியில இறங்கி கச்சானும் வாங்கலாம். சிரிக்கிறதுக்கு சொல்லேல்லை, அப்பிடியாவது போனாச் சரி எண்டுதான் சொல்லுறன்.

அதிகாரியள் இதை வாசிச்சா ரெண்டே ரெண்டு விசயம் கேக்கிறன். வாசலில நிக்கிறவைக்கு, வாற ஆள் மெதுவாக் கேட்டா நீங்களும் மெதுவாச் சொல்லுங்கோ எண்டு படிப்பியுங்கோ, அதுக்கு காசு செலவில்லை. மற்றது, கிளினிக் நடக்கிற நேரத்தை கொஞ்சம் பின்னேரத்துக்கும் இழுத்தா நல்லது, கூலிக்கு போறவன் காலமை வேலையை விட்டிட்டு வர மாட்டான், அவன் என்ர கவுண்டருக்குத்தான் வருவான், இப்ப நான் இல்லை, வேற ஆரும் நிப்பினம், கவரும் இருக்கும்.

வெக்கத்தைப் பற்றியும் நினைச்சுப் பாக்கிறன். எங்கட ஊரில அம்மாள் வருத்தம் வந்தா வாசலில வேப்பிலை கட்டுறம். போற வாற சனமெல்லாம் கண்டு விலத்திப் போகும், அடுத்த வீட்டுக்காரர் இளநி கொண்டுவந்து படலையில வைப்பினம். அதுவும் தொத்து வருத்தம்தான். அது வந்தவனை ஆரும் கேக்கிறேல்லை எங்க போய் வாங்கினாய் எண்டு. இதுக்கு மட்டும் ஆர் கொண்டுவந்தது, எந்தப் பக்கத்தால வந்தது, வெளியூர்க்காரனோ வெளிநாட்டுக்காரனோ எண்டு விசாரணைதான் முதல், மருந்து கடைசி. இதுக்கு வேப்பிலை கட்டச் சொல்லி நான் கேக்கேல்லை, ஐயோ, அப்பிடி எழுதிப்போடாதேங்கோ.

அந்தப் பெடியன் மூண்டு மாசம் செண்டு தானாப் போய்க் காட்டிட்டு வந்தவன். கூட்டாளிக்கு சுகம் அண்ணை எண்டு கடையடியில வந்து சொல்லிப்போட்டுப் போனான். குழாய் அடைச்ச பிள்ளையை பிறகும் ஒவ்வொரு வைகாசியும் கோயிலடியில காணுறனான், தலையில பாற்செம்போட.

கடிதம் நீண்டு போச்சு, இடம் காணாது எண்டா வெட்டுவியள், தெரியும். என்ர கதை, என்ர மனிசி கோவிச்ச கதை, எல்லாத்தையும் வெட்டுங்கோ. சாரத்தில கறை இருந்த பந்தியை மட்டும் வெட்டாதேங்கோ, தோய்க்கிற தாய்மாரும் பேப்பர் வாசிக்கினம்.

இப்படிக்கு,
பேர் வேண்டாம்,
பரந்தன் பக்கம்